முதலில் குப்பை, அப்புறம் விதை

மாடித் தோட்டம் நகரத்துக்கு உண்மையிலேயே நல்லதா? விளைந்த காயை எடைபோட்டால் விடை கிடைக்காது. அந்த வீட்டிலிருந்து குப்பை வண்டிக்குப் போகாமல் நின்றது எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

2022 ஏப்ரல் கடைசியில் சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டிகள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தும் புகை அடங்க நாள்கள் பிடித்தன. இப்படிப்பட்ட மேடுகளில் மேலே தீ அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். உள்ளே எரிவாயு இருப்பதே அதற்கு முக்கியக் காரணம். நம் அடுக்களையிலிருந்து போன வாழைப்பழத் தோலும் வெண்டைக்காய்க் காம்பும் மீந்த சாம்பாரும் காற்றுப் புகாத ஆழத்தில் அழுகி மீத்தேனாக மாறுகின்றன. பக்கத்திலேயே பிளாஸ்டிக்கும் துணியும் காகிதமும் கிடக்கின்றன. ஒரு பொறி விழுந்தால் போதும்.

இந்தக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அதே 2022ஆம் ஆண்டில்தான் அந்தச் சதுப்பு நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. பறவைகள் வலசை வரும் நீர்ப்பரப்பும், நகரம் கொட்டும் குப்பையிலிருந்து கசியும் கறுப்பு நீரும் அங்கே அருகருகே இருக்கின்றன. தெற்கே பெருங்குடி என்றால் வடக்கே கொடுங்கையூர்க் கிடங்கு. சென்னை ஒரு நாளில் ஒதுக்கும் குப்பை 5,000 டன்னுக்கு மேல். அதில் ஏறத்தாழப் பாதி மக்கும் குப்பை.

நகரத்தில் வீட்டுக் காய்கறித் தோட்டம் ஏன் வேண்டும் என்ற பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். 'நஞ்சில்லாத காய்', 'மனதுக்கு நிம்மதி', 'பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம்' என்று மாடித் தோட்டத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாமே சரிதான். ஆனால் சுற்றுச்சூழலுக்கு அது செய்யும் பெரிய நன்மை வேறு. நகரம் வேண்டாம் என்று வெளியே தள்ளுவதை அது வாங்கிக்கொள்கிறது. காய்த் தோல், சருகு, கழுவிய நீர், கூரையில் வீணாக விழும் வெயில் எல்லாவற்றுக்கும் அங்கே வேலை உண்டு. இவற்றை வாங்கிக்கொள்ளாத தோட்டம், எவ்வளவு பச்சையாக இருந்தாலும், பூமிக்குக் கூடுதல் சுமையாகவே முடியக்கூடும்.

லாரியில் போகும் தண்ணீர்

காய்கறிக் கழிவின் எடையில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதாவது டீசல் செலவழித்து, துப்புரவுப் பணியாளர்களின் முதுகை ஒடித்து, தெருத் தெருவாக நாம் அள்ளிக்கொண்டு போவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்த ஈரம் மற்ற குப்பையையும் கெடுக்கிறது. சாம்பார் பட்ட காகிதத்தைப் பழைய பேப்பர்காரர் எடுக்கமாட்டார். தயிர் ஒட்டிய பிளாஸ்டிக் உறை மறுசுழற்சிக்குப் போகாது. ஈரக் குப்பை வீட்டோடு நின்றுவிட்டால் உலர்ந்த குப்பை சுத்தமாக இருக்கும், விலை போகும், அதைப் பிரிப்பவர்களின் கையும் அழுகலைத் தொடாமல் தப்பிக்கும். திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை வீட்டிலேயே தரம் பிரித்துக் கொடுக்கச் சொல்கின்றன. தோட்டம் இருக்கும் வீட்டில் அந்த விதி சட்டமாகத் தோன்றாது. உரத்துக்குத் தேவைப்படும் பொருளை யாரும் பாலித்தீன் பையில் கட்டித் தெருவில் வைக்கமாட்டார்கள்.

கணக்கைப் பார்ப்போம். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு முக்கால் கிலோ ஈரக் குப்பை என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு சுமார் 270 கிலோ. மக்கியபின் அது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் 50 கிலோவுக்குக் குறையாமல் உரம் தேறும். பைக்கு இரண்டு கிலோ வீதம் இருபத்தைந்து செடிப் பைகளுக்குப் போதும். ஒரு சாதாரணக் குடும்பத்தின் மாடிக்கு அதுவே நிறைவான தோட்டம்.

மறுபக்கத்தில் இருப்பது மீத்தேன் கணக்கு. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் அது 80 மடங்கை ஒட்டி இருக்கிறது. காற்றோட்டமுள்ள தொட்டியில் மக்கும்போது மீத்தேன் மிகக் குறைவாகவே உண்டாகிறது. கிடங்கின் அடியில் நசுங்கிக் கிடக்கும்போதுதான் அது பெருகுகிறது. ஒரே தோல்தான். எங்கே மக்குகிறது என்பதைப் பொறுத்து அது உரமாகிறது அல்லது நஞ்சாகிறது.

வீட்டில் உரம் போட முயன்று கைவிட்டவர்கள் பெரும்பாலும் சொல்வது இரண்டு காரணம்: நாற்றம், புழு. இரண்டுக்கும் வழி உண்டு. நாற்றம் வருகிறதென்றால் ஈரம் கூடிவிட்டது, காற்று போதவில்லை என்று பொருள். காய்ந்த சருகையோ கிழித்த அட்டைப்பெட்டியையோ தென்னை நார்க்கழிவையோ இரண்டு கை அள்ளிப் போட்டுக் கிளறிவிட்டால் அடங்கிவிடும். தடித்த, நெளியும் புழுக்கள் பெரும்பாலும் ஒரு வகைக் கறுப்பு ஈயின் புழுக்களாக இருக்கும். அவை நோய் பரப்புவதில்லை. நம்மைவிட வேகமாகக் குப்பையைத் தின்று தீர்ப்பவை அவைதாம். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் நம் பக்கத்தில் நின்று வேலை செய்பவை.

தூரத்தைவிட அழுகல்

மாடித் தோட்டத்துக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு: காய் எத்தனையோ மைல் பயணம் செய்து வருகிறது, வீட்டில் விளைந்தால் அந்த டீசல் மிச்சம். கோயம்பேட்டை நினைத்துப் பாருங்கள். 1996இல் திறக்கப்பட்ட அந்தச் சந்தைக்கு மதனப்பள்ளி, கோலார் பக்கத்திலிருந்து தக்காளியும், நாசிக்கிலிருந்து வெங்காயமும், நீலகிரியிலிருந்து கேரட்டும் இரவோடு இரவாக வந்து இறங்குகின்றன. தூரம் பெரிதுதான். ஆனால் லாரி நிறைய ஏற்றி வரும் சுமையில் ஒரு கிலோவுக்கு விழும் புகை நாம் நினைக்குமளவு பெரிதல்ல. உலக அளவில் உணவால் உண்டாகும் வெப்பவாயு வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம்தான். நிலம், உரம், கால்நடை ஆகியவற்றின் பங்குதான் மிகப் பெரிது.

தூரம் செய்யும் பெரிய கேடு அழுகல். அறுவடைக்குப் பிந்தைய இழப்பு பற்றி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் லூதியானா நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டில், தக்காளியில் 12 சதவீதத்துக்கு மேல் வீணாவதாகக் கண்டார்கள். எட்டு கிலோ விளைந்தால் ஒரு கிலோ யார் வாயிலும் போகாமல் அழிகிறது. அதற்குப் பாய்ந்த தண்ணீர், போட்ட யூரியா, உழவரின் உழைப்பு எல்லாம் அதோடு போகின்றன. அத்தோடும் முடிவதில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 2022இல் மட்டும் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியதாகச் சொல்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது.

நம் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் கறுத்துக் கிடக்கும் கொத்தமல்லிக் கட்டும் அந்தக் கணக்கில் சேரும். சட்னிக்கு வேண்டியது ஒரு கைப்பிடி, கடையில் கிடைப்பது ஒரு கட்டு. மாடியில் இருந்தால் நாலு தண்டைக் கிள்ளிக்கொண்டு இறங்கலாம், மீதி செடியிலேயே உயிரோடு இருக்கும். கீரைகளுக்கு இது இன்னும் பொருந்தும். அரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் மணத்தக்காளியும் பறித்த சில மணி நேரத்தில் துவள்பவை. விளைநிலத்துக்கும் வாணலிக்கும் இடையே நேரம் குறையக் குறைய வீணாவதும் குறையும். அதனால்தான் நகரத் தோட்டத்தில் முதலிடம் கீரைக்கு என்று சொல்கிறேன். வெங்காயமும் உருளைக்கிழங்கும் பயணத்தைத் தாங்கும், அவற்றை உழவரிடமே விட்டுவிடலாம்.

பச்சையாக இருப்பதெல்லாம் பசுமை ஆகாது

2024 ஜனவரியில் 'நேச்சர் சிட்டீஸ்' ஆய்விதழில் ஓர் ஆய்வு வெளியானது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் தலைமையில் பிரான்ஸ், ஜெர்மனி, போலந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 73 நகரத் தோட்டங்களையும் பண்ணைகளையும் அளந்தார்கள். ஒருவர் ஒரு வேளைக்கு உண்ணும் காய் அல்லது பழத்தை வழக்கமான விவசாயத்தில் விளைவித்தால் சுமார் 70 கிராம் கரியமில வாயுவுக்குச் சமமான வெளியேற்றம். நகரத் தோட்டத்தில் சராசரியாக 420 கிராம். ஆறு மடங்கு!

நகரத் தோட்டத்தை நேசிக்கும் எவருக்கும் இந்த எண் சுருக்கென்று தைக்கும். ஆனால் ஆய்வாளர்கள் தோட்டத்தைக் குற்றவாளி ஆக்கவில்லை, காரணத்தைத் தேடினார்கள். வெளியேற்றத்தில் பெரும்பங்கு செடியால் வந்ததல்ல. செடிக்காகக் கட்டிய பாத்திகள், கொட்டகைகள், நடைபாதைகள் ஆகியவற்றால் வந்தது. மரச்சட்டம் போட்ட ஒரு பாத்தியை ஐந்தே ஆண்டில் தூக்கி எறிந்தால், இருபது ஆண்டு வைத்திருக்கும் பாத்தியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு சுமை. 73 தோட்டங்களில் 17 தோட்டங்கள் வழக்கமான விவசாயத்தைவிடக் குறைவாகவே வெளியிட்டன. கட்டியதை நீண்ட காலம் பயன்படுத்துங்கள், நகரத்தின் கழிவையே இடுபொருளாக்குங்கள் என்பதே அவர்களின் பரிந்துரை.

அந்த 73இல் இந்தியத் தோட்டம் எதுவும் இல்லை. நம் வெயிலும் நம் பயிர்களும் வேறு. ஆண்டு முழுவதும் கொடி படரும் ஊரில் ஒரு தொட்டி தரும் விளைச்சல், பனி உறையும் ஊரின் தொட்டியைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் பாடம் நமக்கும்தான். ஆர்வம் பொங்கும் முதல் வாரத்தில் ஐம்பது புதுப் பைகள், இரும்புத் தாங்கிகள், சொட்டுநீர்க் குழாய்கள், பல ஊர்களிலிருந்து வரும் உர மூட்டைகள் என்று இணையத்தில் வாங்கிக் குவித்துவிட்டு, இரண்டாம் கோடையில் எல்லாவற்றையும் மூலையில் போட்டுவிடும் வீடுகள் எத்தனை? வெயில் பட்டு நொறுங்கிய அந்தப் பைகளின் துகள்கள் மழைநீர்க் குழாய் வழியே நிலத்தடிக்குள் போகின்றன. அப்படி முடிந்த தோட்டத்துக்குப் பதில் கோயம்பேட்டுத் தக்காளியே பூமிக்கு நல்லது.

வீட்டில் ஏற்கெனவே இருப்பதில் தொடங்கினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். அரிசி வந்த சாக்கு, விரிசல் விட்ட தண்ணீர் கேன், உடைந்த வாளி, பழைய குளிர்பதனப் பெட்டியின் உடல், மீன் சந்தையில் எறியப்படும் தெர்மாகோல் பெட்டி எல்லாமே தொட்டிதான். அடியில் துளை மட்டும் வேண்டும். பெயிண்ட் டப்பாவையும் வண்டி டயரையும் காய்கறிக்குத் தவிர்க்கலாம். சிமென்ட், மண் தொட்டி வாங்குவதாக இருந்தால் இருபது ஆண்டு வைத்திருக்கும் எண்ணத்தோடு வாங்குங்கள்.

தென்னை நார்க்கழிவுக்கும் இந்தக் கணக்கில் ஓர் இடம் உண்டு. கயிறுத் தொழில் பொள்ளாச்சிப் பக்கத்தில் மலைபோலக் குவித்த கழிவு அது. இன்று உலகமெங்கும் செடி வளர்க்கப் போகிறது. தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும், கூரைக்குப் பாரமும் குறைவு. ஆனால் உப்பு நீங்க அதைக் கழுவும் தண்ணீர் தங்கள் கிணறுகளைக் கெடுப்பதாக அந்தப் பகுதி விவசாயிகள் குறைசொல்லிவருகிறார்கள். ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் புதுக் கட்டி வாங்காமல், பழையதை வெயிலில் காயவைத்து, வீட்டு உரம் கலந்து மறுபடி பயன்படுத்துவதே நியாயம்.

டேங்கர் தண்ணீரில் தக்காளி வேண்டாம்

2019 கோடையைச் சென்னை மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கியது. அப்படிப்பட்ட ஊரில் குடிநீரைச் செடிக்கு ஊற்றுவதை நியாயப்படுத்த முடியாது. நல்லவேளையாக அதற்கு அவசியமும் இல்லை.

இருபது பைகளுக்குக் குளிர்காலத்தில் நாளுக்கு இருபது லிட்டர், கோடையில் நாற்பது லிட்டர்வரை தேவைப்படலாம். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரே கணிசமான அளவு சேரும். அரிசிக் கழுநீரை மாட்டுக்கு வைத்து வளர்ந்த தலைமுறை நாம். ஏசியிலிருந்து சொட்டும் நீர், சென்னையின் புழுக்கத்தில், ஓர் இரவுக்குப் பல லிட்டர் வரும். அதில் உப்பே இருக்காது. ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துவிடுகிறது. அதில் உப்பு கூடியிருக்கும். ஆகவே தனியாக ஊற்றாமல் ஏசி நீரோடு கலந்து ஊற்றலாம். பாலக், பீட்ரூட் போன்றவை அந்த உப்பை ஓரளவு தாங்கும், பீன்ஸ் தாங்காது. இலை ஓரம் கருகினாலோ மண்மேல் வெள்ளை பூத்தாலோ சில நாள் நல்ல நீர் மட்டும் ஊற்ற வேண்டும். துணி துவைத்த சோப்பு நீர் காய்கறிக்கு ஆகாது. தரையில் இடமிருந்தால் வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம்.

இதோடு மூடாக்கும் சேர வேண்டும். தொட்டி மண்மேல் இரண்டு விரல் தடிமனுக்குச் சருகைப் பரப்பினால் ஈரம் காக்கும், வேர் வேகாது. தெருவோர மரங்களின் சருகைக் கூட்டிக் கொளுத்தும் ஊரில், ஒரு சாக்குச் சருகை மாடிக்கு ஏற்றுவது காற்றுக்கும் செய்யும் நன்மை.

மழையையும் மறந்துவிடக் கூடாது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னையில், 1,000 சதுர அடி மாடியில் விழும் நீர் ஏறத்தாழ 1,30,000 லிட்டர். 2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மாடித் தோட்டம் அந்த ஏற்பாட்டுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. நீர் வடியும் குழாய் வாயில் வலை கட்டி, மண்ணும் நாரும் உள்ளே போகாமல் தடுப்பது தோட்டம் வைப்பவரின் கடமை.

வெயிலைத் தாங்கும் பந்தல்

பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை இரவில் அதை வீட்டுக்குள் இறக்குகிறது. மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செடிகள் இதை இரண்டு வகையில் தடுக்கின்றன. ஒன்று நிழல். மற்றொன்று, இலை வழியே நீர் ஆவியாகும்போது அது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு தோட்டம் நாளுக்கு 30 லிட்டரை ஆவியாக்கினால் 20 யூனிட் அளவு வெப்பத்தை மாடியிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் உறிஞ்சுகிறது. ஒன்றரை டன் ஏசி ஒன்று நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓடி அகற்றும் வெப்பம் அது. ஏசி அந்த வெப்பத்தைத் தெருவில் கொண்டுபோய்க் கொட்டும். செடி அப்படிச் செய்வதில்லை.

கடலோர ஊரில் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். ஆகவே சென்னைக்கு ஆவியைவிட நிழலே பெரிய துணை. சுரை, பீர்க்கு, புடலை, கோவை, கொடிப்பசலை ஆகியவற்றைப் பந்தலில் ஏற்றினால் வெயில் தளத்தைத் தொடுவதற்கு முன்பே இலையில் தங்கிவிடும். பத்துத் தொட்டியிலிருந்து கிளம்பும் கொடிகள் நூறு தொட்டிகள் தரும் நிழலைத் தரும், கூரைக்குப் பாரமும் ஏறாது. கிராமத்து வாசல்களில் காலங்காலமாக இருந்த பந்தலை மாடிக்கு ஏற்றுவதுதான் நாம் செய்ய வேண்டியது.

குளவியும் தேனீயும் வரும் வீடு

2008இல் கோவைப் பக்கத்தில் பப்பாளி மாவுப்பூச்சி என்ற அயல்நாட்டுப் பூச்சி காணப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் வெள்ளையாகப் போர்த்திச் சாகடித்தது. எத்தனை மருந்து அடித்தும் அதன் மெழுகுப் போர்வையைத் தாண்டவில்லை. 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பிற ஆய்வு நிறுவனங்களும் வளர்த்து வயல்களில் விட்டன. எள்ளளவே இருக்கும் அந்தக் குளவிகள் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு, சில மாதங்களில் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தன. விஷத்தால் முடியாததை ஓர் உயிர் செய்துகாட்டியது.

மாடியில் அசுவினியைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடாமல் இருந்தால் இதே அதிசயத்தைச் சிறிய அளவில் பார்க்கலாம். இரண்டு வாரம் பொறுத்தால் பொறிவண்டுகள் தேடி வரும். அதுவரை தண்ணீரைப் பீய்ச்சி அடித்தும், வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளித்தும் சமாளிக்கலாம். தேனீ வரும் காலை நேரத்தில் எதையும் தெளிக்கக் கூடாது.

ஏனென்றால் நகரத்துத் தேனீக்களுக்கு இன்று உணவு குறைவு. அழகுக்காக நடப்படும் பல குரோட்டன்ஸ் செடிகளில் அவற்றுக்கு ஒன்றும் கிடைக்காது. பாகலும் பூசணியும் வெள்ளரியும் பூக்கும் மாடிக்குக் கொசுத்தேனீயும் கொம்புத்தேனீயும் வருகின்றன. கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் ஒரு குழலுக்குள் அடைபட்டிருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரவைக்கும் தச்சன் தேனீ போன்றவைதாம் அதை நன்றாக உதிர்க்க வல்லவை. சுரைப்பூ மாலையில் விரிந்து அந்துப்பூச்சிக்காகக் காத்திருக்கும். ஒரே தோட்டத்தில் காலைக்கு ஒரு விருந்தாளி, இரவுக்கு ஒரு விருந்தாளி. இவற்றுக்கெல்லாம் நகரத்தில் தங்க இடம் கொடுப்பது காய் பறிப்பதைவிடக் குறைந்த வேலையல்ல.

விதையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அப்படிப் பெயர் பெறாத எத்தனையோ நாட்டுக் கத்தரிகள், மூக்குத்தி அவரை, சிறகு அவரை, நீளக் காராமணி எல்லாம் சந்தைக்கு வராமலே மறைந்துவருகின்றன. லாரிப் பயணத்தைத் தாங்காது, ஒரே அளவில் காய்க்காது என்பதால் வியாபாரத்துக்கு அவை வேண்டாதவை. மாடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு காயை முற்றவிட்டு விதை எடுத்து நான்கு வீட்டுக்குக் கொடுப்பவர், அந்த ரகத்தின் வாழ்நாளை நீட்டுகிறார்.

அரசும் அடுக்ககமும் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறை 2013-14இலேயே சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை (கிட்) மானியத்தில் கொடுக்கத் தொடங்கியது. 2021இல் வந்த முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 900 ரூபாய் மதிப்புள்ள தளை 225 ரூபாய்க்குக் கிடைத்தது. செடி வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், உயிர் உரங்கள், வேம்பு மருந்து எல்லாம் அதில் இருந்தன. பாராட்ட வேண்டிய திட்டம். ஆனால் அந்தத் தளையில் மக்கு உரத் தொட்டி இல்லை. தொட்டியையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டாம் பருவத்துக்கு உரம் வாங்கக் கடைக்கு ஓட வேண்டிய தேவை இருக்காது. தோட்டக்கலைத் துறையின் திட்டமே மாநகராட்சியின் குப்பைத் திட்டமாகவும் ஆகும். இரு துறைகளும் ஒரே மேசையில் அமர வேண்டிய விஷயம் இது.

மாநகராட்சியின் நுண் உரம் செயலாக்க மையங்களில் உருவாகும் உரம் அந்தந்த வார்டு மக்களுக்கே எளிதாகக் கிடைக்க வேண்டும். மாடியே இல்லாதவர்களுக்கும், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் பூங்காக்களின் ஓரத்தில் பொதுப் பாத்திகள் ஒதுக்கலாம். அடுக்ககச் சங்கங்கள் மொட்டை மாடிச் சாவியைப் பூட்டி வைத்துக்கொள்வதற்குப் பதில், பாரம் தாங்கும் இடங்களைக் குறித்துக் கொடுத்து, ஒரு பொது உரத் தொட்டி வைக்கலாம். நாற்பது வீட்டின் தோலும் ஒரே இடத்தில் மக்கினால் தனித்தனியாகச் செய்வதைவிட எளிது.

இதனால் எவ்வளவு மாறும்? ஒரு லட்சம் வீடுகள் நாளுக்கு முக்கால் கிலோவை நிறுத்திக்கொண்டால் 75 டன். சென்னையின் 5,000 டன்னில் அது சிறு துளி. பத்து லட்சம் வீடுகள் என்றால் 750 டன். அந்த அளவு கிடங்குகளுக்குப் போகாமல் நின்றால் நகரமே உணரும். எல்லா வீட்டிலும் தோட்டம் சாத்தியமில்லை. ஆனால் தோட்டம் இல்லாத வீட்டின் தோலும் தோட்டம் உள்ள பக்கத்து வீட்டில் மக்கலாம்.

தொடங்கும் வீட்டுக்குச் சில குறிப்புகள்

* நடமாட்டத்துக்குரிய கான்கிரீட் மாடிகள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் பாரத்துக்குத்தான் வடிவமைக்கப்படுகின்றன. ஓர் அடி ஆழத்துக்கு ஈர மண்ணை நிரப்பினால் 500 கிலோவைத் தாண்டும். ஆகவே மாடி முழுவதும் மண் நிரப்பாதீர்கள். நார்க்கழிவும் உரமும் கலந்த தொட்டிகளைச் சுவர், உத்தரம் ஓரமாக வையுங்கள். பழைய கட்டடம் என்றால் பொறியாளரைக் கேளுங்கள்.
* தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தளம் காய்ந்திருந்தால் கசிவு வராது.
* தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் நீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு கொசுவுக்கு அது போதும்.
* முதல் பருவத்தில் ஐந்தாறு தொட்டி மட்டும். முளைக்கீரை, வெண்டை, கொத்தவரை, ஒரு பந்தல் கொடி, ஒரு மணத்தக்காளி. கீரை ஒரு மாதத்திலும் வெண்டை ஒன்றரை மாதத்திலும் கைக்கு வரும்.
* பால்கனி மட்டும் இருப்பவர்கள் புதினா, கொத்தமல்லி, கொடிப்பசலை வளர்க்கலாம். நான்கு மணி நேர வெயில் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது உரத் தொட்டி. மூடியுள்ள ஒரு பழைய வாளி, பக்கவாட்டில் சில துளைகள், ஒரு சாக்குச் சருகு, தொடங்கிவைக்க ஒரு கரண்டிப் புளித்த மோர் இருந்தால் போதும். ஒரு படுகை காய்த் தோல், ஒரு படுகை சருகு. வாரம் இரண்டு முறை கிளற வேண்டும். சோறும் எண்ணெயும் மீன் முள்ளும் ஆரம்பத்தில் வேண்டாம். இரண்டு மாதத்தில் மழைக்கால மண்வாசனையோடு கறுப்பு உரம் வரும். அதைத் தவறாமல் செய்யும் பொறுமை வந்தபின் விதை வாங்குங்கள். அந்தப் பொறுமை இல்லாமல் வாங்கிய ஐம்பது பைகளும் கடைசியில் போய்ச் சேரும் இடம் பெருங்குடி.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள் முன்னோர். சித்திரையில் வாளியைத் தொடங்கினால் ஆடிக்குள் உரம் தயாராகிவிடும். இந்த ஆண்டு தோட்டம் போட நினைக்கும் ஒவ்வொரு வீடும் இந்த வரிசையிலேயே போகட்டும். விளைவது நாலு கைப்பிடிக் கீரையாகவே இருந்தாலும், குப்பை வண்டிக்குப் போகாத 270 கிலோ இந்த நகரத்துக்குக் கிடைத்த விளைச்சல்தான்.